பக்கத்தை நகர்த்தியது யார்

“லைட்டை அணைங்க” என்றாள்.

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். “எல்லாத்தையுமா?”

“இந்தப் பக்கம் மட்டும் போதும்.”

அணைத்தார். கண்ணாடிப் பெட்டியின் மேல் மின்னூல் படிக்கிற இ-ரீடர்கள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இருட்டில் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகு மூன்றையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். வெளியே நல்ல வெயில். நடைபாதையில் நின்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே திரும்பியதும் கைப்பையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து விரல் நுனியை அதில் தேய்த்தாள். துணியில் கிரீஸ் இருந்தது. அந்த விரலால் ஒரு திரையைத் தொட்டாள். பக்கம் திரும்பவில்லை. இரண்டாவதும் திரும்பவில்லை.

“மேடம், நீங்க வாங்க வந்தீங்களா, ரெய்டு பண்ண வந்தீங்களா?”

“கை அழுக்கா இருக்கும்போதுதான் எனக்குப் படிக்க வேண்டி வரும். பொத்தான் வச்சது இருக்கா?”

மூன்றாவதில் இருந்தது. ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு பொத்தான்கள். திரையும் சற்றுப் பெரியது. அலைபேசியிலிருந்து ஒரு மின்சுற்றுப் படத்தை அதில் ஏற்றிக் காட்டச் சொன்னாள். மற்ற இரண்டிலும் எறும்புச் சாரி மாதிரி இருந்த கோடுகள் இதில் கோடுகளாகவே தெரிந்தன.

“ஒரு வாரம் வெளியூர் போனா சார்ஜ் நிக்குமா?”

“ரெண்டு வாரமே நிக்கும் மேடம்.”

“பெட்டியில போட்டிருக்கறதைக் கேக்கல. நீங்க வச்சிருந்து பாத்தீங்களா?”

கடைக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“சரி, இன்னொண்ணு. நான் என்ன படிக்கறேன்னு இது யாருக்காவது சொல்லுமா?”

“இது புத்தகம் மேடம். எதிர்வீட்டு அக்கா இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. கருவியைத் திருப்பிப் பின்பக்கத்தில் திருகாணிகளைத் தேடினாள். திருகாணிகளே இல்லை. திறக்க முடியாத பொருள் எதையும் அவள் அதுவரை நம்பியதில்லை. இருந்தாலும் வேறு வழியில்லாததால் அதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

“ஒரு மெயில் ஐடி குடுங்க. அதுல கணக்கு ஆரம்பிச்சாதான் உங்க ஃபைலெல்லாம் உள்ள வரும்.”

மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரியைச் சொன்னாள். வெளிச்சத்தை, பொத்தானை, சார்ஜை, கடைக்காரரை என்று வரிசையாகச் சந்தேகப்பட்டவள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவள் லிஃப்ட் ஆய்வாளர். மருத்துவமனைகள், அலுவலகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று ஊர் ஊராகப் போய் லிஃப்ட்டுகளைச் சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது வேலை. ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் அதன் அடியிலிருக்கும் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பாள். அடுத்த முறை வரும்போது கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. கோடு இரண்டாக உடைந்து நின்றால் அசைந்திருக்கிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். எல்லா ஆய்வாளர்களும் செய்வதுதான். ஆளுக்கொரு நிறம். அவளுடையது மஞ்சள்.

மற்றவர்கள் பேனாவை வேலை முடிந்ததும் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எண்ணெய்ப் பாட்டிலில் கோடு. காஸ் சிலிண்டரின் திருகில் கோடு. பரணில் இருந்த பெட்டியின் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே கோடு. மகள் கல்யாணமாகிப் போகிறவரை, “எங்கம்மா என் நெத்தியிலயும் ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, வேற பக்கம் திரும்பினா தெரிஞ்சுடும்” என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கோட்டம்மா. தனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

கணவருக்கு ஜெராக்ஸ் கடை. இரண்டு இயந்திரங்கள், ஒரு கணினி, ஸ்பைரல் பைண்டிங் போடுகிற ஒரு சிறிய இரும்புப் பல்வரிசை. லிஃப்ட் கையேடுகள், விதிமுறைகள், சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் அவர்தான் பிரதி எடுத்து, ஓரம் தட்டி, சுருள் கம்பி கோத்து, பயணத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் வைப்பார். மேலே பிளாஸ்டிக் அட்டை, கீழே கெட்டி அட்டை. அவள் தேவையானதை அனுப்பினால் போதும். கல்யாணமான புதிதிலிருந்து இப்படித்தான்.

அதனால்தான் இ-ரீடர் வாங்க வேண்டி வந்தது.

தோள்வலி என்று வீட்டில் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, வலி இருந்தது. ஆனால் வலி பல வருடங்களாக இருக்கிறது. விஷயம் வேறு. துறையில் முதுநிலை ஆய்வாளர் தேர்வு வந்திருந்தது. ஒரே ஒரு இடம். தேர்வுக்கான புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. அதை அச்செடுக்க வேண்டுமென்றால் கணவர் கடை வழியாகத்தான் போக வேண்டும். வேறு கடைக்குப் போனால் ஊரே அவரிடம் வந்து சொல்லும்: “என்ன சார், வீட்டம்மா போட்டிக் கடைக்குப் போறாங்க?”

முன்பொரு தடவை இதே தேர்வை எழுதித் தோற்றிருந்தாள். முடிவு வந்த அன்று கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். கணவர் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “எங்க வீட்டு லிஃப்ட் நடு மாடியில நின்னுடுச்சு.” நான்கு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க வெகுநேரம் ஆனது. இந்த முறை தேறினால் சொல்லிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எழுதியதே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

முதல் வாரம் நிம்மதியாகத்தான் போனது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எஃகுக் கயிறுகள் பற்றிய அத்தியாயத்தைப் படித்தாள். எதிரே இருந்தவர் என்ன கதை என்று கேட்டார். “பேய்க்கதை” என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டில் கணவர் அறைக்குள் வந்தால் மூடியைச் சாத்துவாள். கருவி தானாகவே உறங்கிவிடும். அவளுக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த மூடிதான்.

இரண்டாவது வாரம் அலுவலகத்தில் அதைத் திறந்தபோது ஒரு சிறிய பெட்டி தோன்றியது. இந்தப் புத்தகத்தில் இதைவிடத் தூரமாகப் படித்த இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போகவா என்று கேட்டது. அவள் கயிறுகளில் நின்றிருந்தாள். அது பிரேக்குகளைத் தாண்டி ஓரிடத்தைக் காட்டியது.

பொத்தான் பையில் அழுந்தியிருக்கும் என்று நினைத்தாள். அழுத்திப் பார்த்தாள். மூடி சாத்தியிருக்கும்போது பொத்தான் வேலை செய்யவில்லை. மறுநாள் அந்த இடம் இன்னும் முன்னே போயிருந்தது. அவள் கயிற்றிலேயே இருந்தாள். அவளுக்கு முன்னால் யாரோ மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் ஒரு வாக்கியத்தின் கீழ் கோடு இருந்தது. புத்தகத்தின் முன்பகுதியில், தேர்வு விதிகளில்: “தேர்வு பெறுவோர் முதல் மூன்று ஆண்டுகள் தலைமை அலுவலக வளாகத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும்.” அவள் போட்ட கோடு அல்ல. சாம்பல் நிறத்தில் நேராக, அளவெடுத்தாற்போல் இருந்தது. நட்டின் மேல் போட்ட கோடென்றால் நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். கை நடுங்கியிருக்கிறதா, அவசரமாகப் போட்டதா என்றுகூடச் சொல்லுவாள். இந்தக் கோட்டில் ஆளே இல்லை.

முதலில் கடைக்காரர் மேல் சந்தேகம் போனது. இது யாருக்காவது சொல்லுமா என்று கேட்டபோது அவர் நேராகப் பதில் சொல்லவில்லை, ஜோக் அடித்தார். ஜோக் அடிக்கிறவர்களை அவள் ஒரு படி கூடுதலாகச் சந்தேகப்படுவாள். ஆனால் கடைக்காரருக்குத் தலைமை அலுவலகத்தில் யார் தங்கினால் என்ன? அந்த வாக்கியத்தின் கீழ் கோடு போடக்கூடிய ஆள் ஒருவன்தான் என்று பட்டது.

பல்லி.

அவளோடு ஜோடியாக ஆய்வுக்கு வருகிறவன். லிஃப்ட் குழிக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அந்தப் பெயர். யார் என்ன பேசினாலும் ‘த்சொ’ என்று ஒரு சத்தம் கொடுப்பான் என்பதாலும் இருக்கலாம். அவனும் தேர்வு எழுதுகிறான், அதை ஊருக்கே சொல்லிவிட்டான். அவள் குழிக்குள் இறங்கும்போது பை மேலே அவனிடம்தான் இருக்கும். நினைத்துப் பார்த்ததில், பக்கம் நகர்ந்த ஒவ்வொரு நாளும் பை அவனிடம் இருந்திருந்தது. அவன் பை பக்கம் குனிந்ததைப் பார்த்த மாதிரிகூட ஞாபகம் வந்தது. சந்தேகத்துக்குச் சாட்சி தேடினால் நாற்காலி மேஜைகூடச் சாட்சி சொல்லும்.

ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில் வைத்துக் கேட்டாள். மோட்டார் நின்றிருந்தது. பல்லி பிரேக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என் பையைத் திறந்தியா?”

“எதுக்கு அக்கா? தண்ணியா?”

“தண்ணி இல்ல. படிக்கறதுக்கு.”

“உங்க பையில படிக்க என்ன இருக்கு?”

“தெரியாத மாதிரி பேசாத. கயிறு அத்தியாயத்துலருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் அத்தியாயம் வரைக்கும் போயிருக்க. தலைமை அலுவலகத்துல தங்கணும்கற இடத்துல கோடு வேற போட்டு வச்சிருக்க. என்ன பயம் காட்டறியா? வீட்டுக்காரரை விட்டுட்டு இவ எங்க போகப்போறான்னு நினைப்பா?”

பல்லி துடைப்பதை நிறுத்தினான். துணியை மெதுவாக மடித்தான். ‘த்சொ’ என்றான்.

“அப்ப நீங்களும் எழுதறீங்களா?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குழிக்குள் கால் வைக்குமுன் நாலு தடவை ஆழம் பார்க்கிறவள், வாயைத் திறக்குமுன் பார்க்கவில்லை.

“சொல்லவே இல்லையே அக்கா. நான் பைத்தியக்காரன் மாதிரி ஒவ்வொரு சந்தேகத்தையும் உங்ககிட்டதான வந்து கேட்டுட்டிருந்தேன். நீங்களும் சொல்லிக் குடுத்துட்டே இருந்தீங்க.” துணியைத் தன் சட்டைப்பையில் திணித்தான். “சரியாத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?”

சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். இப்போது அதைச் சொன்னால் அவன் நம்பப்போவதில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் நம்பமாட்டாள்.

அன்று மாலை அலுவலகத்தில் இ-ரீடரை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன்னுடனே வைத்துக்கொண்டாள். எல்லோரும் போகும்வரை காத்திருந்து, இழுப்பறைக்கும் மேஜைச் சட்டத்துக்கும் குறுக்கே மஞ்சள் கோடு ஒன்று இழுத்தாள். ஊதிக் காயவைத்தாள்.

காலையில் வந்து பார்த்தாள். கோடு நேராக இருந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. பூட்டைத் திறந்து கருவியை எடுத்தாள். பெட்டி தோன்றியது. பக்கம் நகர்ந்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கோடு அசையவில்லை என்றால் யாரும் தொடவில்லை. இத்தனை வருடங்களாக அவள் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு சான்றிதழும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமல் ஒரு பொருள் அசைகிறது என்றால் அது வேறெங்கோ இன்னொன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. லிஃப்ட்டும் அப்படித்தான். இந்தப் பக்கம் பெட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம் எடைக்கட்டை இறங்கும்.

அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். கணக்கு என்ற இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. எழுத்து எழுத்தாகப் படித்தாள். வருடக்கணக்காகக் கையேடுகளை அனுப்பி அனுப்பி விரலுக்குப் பழகிப்போன முகவரி. கணவருடைய கடை முகவரி.

மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். சூடான காகித வாசனை. ஒரு பெண் சான்றிதழ் பிரதிகளை எண்ணி வாங்கிக்கொண்டு போகும்வரை தெருவிலேயே நின்றாள். உள்ளே போனபோது கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு உரசுவதுபோல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் லிஃப்ட் குழியின் அடியிலிருக்கும் தாங்கு சுருள்களின் படம். அவள் இன்னும் எட்டாத அத்தியாயம்.

“எத்தனை நாளா?”

திரும்பினார். படத்தை மறைக்க முயலவில்லை. “கடை மெயிலுக்கு வந்துச்சு. உங்க புத்தகம் தயார்னு. பிரிண்ட் போடத்தான் அனுப்பியிருக்கேன்னு நினைச்சேன். திறந்து பாத்தேன்.”

“பாத்துட்டு என்கிட்ட கேக்க வேண்டியதுதான?”

“வாங்கும்போதே நீ சொல்ல வேண்டியதுதான?”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இத்தனை வருஷத்துல உன் பேப்பர் ஒண்ணுகூட இந்தக் கடையைத் தாண்டிப் போனதில்ல” என்றார். “திடீர்னு மெஷின் வாங்கற. தோள்வலிங்கற. நான் ரூமுக்குள்ள வந்தா படக்குனு மூடற. என்னன்னு நினைக்கறது?”

“என்னன்னு நினைச்சீங்க?”

“சொன்னா அடிப்ப.”

“சொல்லுங்க.”

“அதுல யாரோ உனக்கு எழுதறாங்கன்னு நினைச்சேன்.” கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். “தேடினேன். பக்கம் பக்கமா கயிறு, பிரேக்கு, கயிறு, பிரேக்கு. முக்கால் புத்தகம் முடிச்சாச்சு, ஒருத்தனையும் காணோம். ஒருவேளை கடைசி அத்தியாயத்துல வருவானோ என்னவோ.”

சிரிப்பு வந்தது. அடக்கினாள். இப்போது சிரித்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் பல பேச்சுகள் அப்படித்தான் முடிந்திருந்தன.

“அந்தக் கோடு?”

“எந்தக் கோடு?”

“தங்கிப் பணியாற்ற வேண்டும்.”

அவர் மேஜை மேலிருந்த தாள்களை எடுத்து ஓரம் தட்டினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. “தங்கணும்னு போட்டிருக்கு. கூட யாராவது தங்கலாமான்னு போடல. அடுத்த பக்கத்துல இருக்குமான்னு பாத்தேன். அதுக்கடுத்த பக்கத்துல பாத்தேன். அப்படியே போயிட்டேன்.”

“ஒருத்தனைத் தேடினீங்களா, இதைத் தேடினீங்களா?”

“முதல்ல அவனை. அப்புறம் இதை.” தாள்களைக் கீழே வைத்தார். “ஏன் மறைச்ச?”

“நடு மாடி.”

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிகிறபோது முகம் எப்படி மாறியது என்பதை அவள் விடாமல் கவனித்தாள்.

“அது சும்மா தமாஷு.”

“தமாஷுதான். நானும் சிரிச்சேனே.”

“அதை இன்னுமா வச்சிருக்க?”

“கோடு போட்டு வச்சிருக்கேன்.”

ஒருவர் அடையாள அட்டையை நீட்டி இரண்டு பக்கமும் வேண்டும் என்றார். கணவர் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து உட்காராமல் நின்றார்.

“தேறிட்டா போயிடுவியா?”

“தேறணுமே முதல்ல.”

“அதைக் கேக்கல.”

“நீங்க கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பீங்க?”

அவர் இரண்டு இயந்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் போடுகிறாரா, காரணம் தேடுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தை அவள் வருடக்கணக்காக ஆய்வு செய்துவந்திருக்கிறாள். அதிலும் திருகாணிகள் வெளியே தெரியாது.

“அந்தப் புத்தகத்தை முழுசா பிரிண்ட் போட்டு வைங்க” என்றாள். “ரெண்டு காப்பி.”

“ரெண்டா? யாருக்கு?”

கேட்ட வேகத்துக்கு அவரே கொஞ்சம் நாணினார்.

“பல்லிக்கு” என்றாள்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பிரதிகள் இருந்தன. மேலே பிளாஸ்டிக் அட்டை, கீழே கெட்டி அட்டை. கனம் அதிகம் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு பாகமாகப் பிரித்துப் பைண்டிங் போட்டிருந்தார். கணவர் சீக்கிரமே கடை திறக்கப் போய்விட்டார்.

அலுவலகத்தில் பல்லியிடம் ஒரு பிரதியைக் கொடுத்தாள். தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள். அவன் வாங்கிக்கொண்டான். நடுவில் பக்கம் ஏதும் எடுத்துவிடவில்லையே என்று கேட்டான். பார்த்துக்கொள் என்றாள். அவன் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

பிறகு இருவரும் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். பை அவனிடம் இருந்தது. அவள் குழிக்குள் இறங்கினாள். ஒரு நட்டில் மட்டும் கோடு உடைந்திருந்தது. இறுக்கி, பழையதைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டாள். லிஃப்ட் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு நேரமும் பல்லி ‘த்சொ’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

திரும்பும்போது பேருந்தில் இ-ரீடரைத் திறந்தாள். பெட்டி தோன்றியது. படித்த இடம் கடைசி அத்தியாயத்துக்குப் போயிருந்தது. அங்கே போகவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். தான் விட்ட இடத்திலிருந்து படித்தாள். முகவரியை மாற்றவில்லை.